மல்லிகை ஏன் சாம்பலாக வருகிறது?

கேள்வி: அப்பா வைத்திருந்த பென்டாக்ஸ் கே1000-இல் 200 ஏ.எஸ்.ஏ. (ஃபிலிம் ஒளியை உணரும் வேகம்) கலர் ஃபிலிம் போட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியலையும், திருமலை நாயக்கர் மகாலில் தூண்களையும் எடுத்தேன். ஒளியை அளக்கும் மீட்டரின் முள் நடுவில் நின்ற பிறகுதான் அழுத்தினேன், ஆனாலும் பூ சாம்பலாகக் கிடக்கிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (மீட்டர் சொல்வதைவிட ஒளியைக் கூட்டுவது, குறைப்பது) வைக்க இந்த கேமராவில் திருகே இல்லை. ஏ.எஸ்.ஏ.வை மாற்றலாமா? மாற்றினால் லேபில் சொல்ல வேண்டுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை. மல்லிகை எது, கருங்கல் எது என்று மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். அதனால் வெள்ளையைப் பார்த்ததும் ஒளியைக் குறைக்கச் சொல்கிறது. நீங்கள் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்கு). வெள்ளைக்கு இன்னும் ஒளியா என்று தயங்க வேண்டாம்.

கேமராவில் ஏ.எஸ்.ஏ. எண்ணை 200-இலிருந்து 100-க்கு இறக்கினால் மீட்டர் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கேட்கும். திருகு உள்ள கேமராவில் +1 வைப்பதும் இதேதான், ஆகவே இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் இரண்டு ஸ்டாப் ஏறிவிடும். ஃபிலிமின் வேகம் எதிலும் மாறாது, லேபில் ஒன்றும் சொல்ல வேண்டாம். 400 ஃபிலிமை 800 என்று வைத்து முழு ரோலையும் எடுத்தால்தான் டெவலப்பிங் நேரத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும்.

ஆனால் கே1000-இல் ஏ.எஸ்.ஏ.வைத் தொடவே கூடாது என்பேன், அடுத்த படத்துக்குத் திருப்பி வைக்க மறந்துபோகும். முள்ளை நடுவில் நிறுத்தி, அப்புறம் லென்ஸின் துவாரத்தை எஃப் 11-இலிருந்து எஃப் 8-க்குத் திறந்து, முள் மேலே ஏறினாலும் பரவாயில்லை என்று அழுத்துங்கள். இதைவிட நம்பகமான வழி, பூ மேல் விழும் அதே வெயிலில் உள்ளங்கையை நீட்டி, அது ஃபிரேமை நிறைக்கும்படி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டுவது. மகாலில் வெயிலடிக்கும் முற்றம் ஃபிரேமுக்குள் வந்தால் நிழலில் இருக்கும் தூண் இன்னும் இருண்டுபோகும். அங்கே தூண் பக்கத்தில் போய் அளந்துவிட்டுப் பின்னால் வாருங்கள்.

கருங்கல் சிலைக்கு ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. கலர் நெகட்டிவில் நான் குறைக்க மாட்டேன், அது அதிக ஒளியைத் தாங்கும், குறைவைத் தாங்காது. நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிம் என்றால் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும்.

ஒன்று விட்டுப்போனது. லேபில் ஸ்கேன் செய்யும் கருவியும் தானாகவே வெள்ளையைச் சாம்பலுக்கு இழுக்கும். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பூ இருக்கும் இடம் நன்றாகக் கறுத்திருந்தால் உங்கள் எக்ஸ்போஷர் சரிதான், ஸ்கேனை வெளிச்சம் கூட்டி மறுபடி எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.