ஆத்தங்குடித் தரையில் மூன்று கால்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்விக வீடு. பங்காளிகள் எல்லோரும் கூடி வீட்டைத் திறப்பது முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு மட்டும்தான். இந்த முறை வீடு முழுவதையும் படமெடுத்து வைக்க ஆசை. முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரமான வளவில் வெளிச்சம் குறைவு, ஷட்டர் அரை நொடி வரை போகிறது. பழைய டிரைபாடில் வைத்தும் படம் அசைகிறது. நல்லதாக ஒன்று வாங்கிவிடட்டுமா?

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அவசரப்பட்டு வாங்க வேண்டாம். கையிலிருப்பதை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். நடுத்தண்டின் அடியில் பெரும்பாலும் ஒரு கொக்கி இருக்கும். சிலவற்றில் உள்ளே அழுந்திக் கிடக்கும், விரலால் இழுத்தால் வெளியே வரும். கேமரா பையைத் தொங்கவிடத்தான் அது. பாரம் இறங்கியதும் மூன்று காலும் தரையில் அழுந்தி உட்காரும். ஆனால் பை ஊஞ்சலாடினால் அதுவே அசைவாகிவிடும். அதன் அடி தரையை லேசாகத் தொடும்படி வாரை நீட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், உயரத்துக்காக நடுத்தண்டை ஏற்றாதீர்கள், கால்களை நீட்டுங்கள். அதிலும் தடித்த கணுவை முதலில். இரண்டு நொடி டைமர் வைத்தால் விரல் படுகிற அதிர்வும் போய்விடும்.

அடுத்தது பாதம். ரப்பர் குமிழைத் திருகினால் பல டிரைபாடுகளில் உள்ளிருந்து இரும்பு முள் வரும். மண்ணிலும் புல்லிலும் ஊன்றுவதற்கானது. இதை வீட்டுக்குள் மறந்தும் வெளியே விடாதீர்கள். கொல்லைப்புறத்தில் எடுத்து முடித்த கையோடு நான் முள்ளை உள்ளே திருப்பாமல் ஒரு நண்பர் வீட்டு முகப்பில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், டிரைபாடின் கால்களை விரித்துவிட்டேன். கல்லில் இருந்த சிவப்புப் பூவின் இதழ் ஒன்றில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. நண்பரின் அப்பத்தா குனிந்து அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்ட்டை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்ட்டும் கொடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. மேலே இருக்கும் சாயப் படலம் மெல்லியது, கீறினால் கீறியதுதான். ரப்பர் பாதத்தில் மணல் ஒட்டியிருந்தாலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். வழுக்குவதும் குறையும்.

அந்தத் தரையையே படமெடுக்க இன்னொரு வசதி இருக்கிறது. பல டிரைபாடுகளில் நடுத்தண்டைக் கழற்றித் தலைகீழாகச் செருகலாம். கேமரா மூன்று காலுக்கும் நடுவே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும், கல்லின் நெளிவுகூடத் தெரியும். என்ன, கால் படத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலவற்றில் காலின் மேல்முனையில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் ஒவ்வொரு காலும் தனித்தனிக் கோணத்தில் விரியும். இரண்டு காலை முற்றத்தில் இறக்கி, ஒன்றை மட்டும் வளவின் விளிம்பில் ஏற்றி நிறுத்தலாம். அந்த ஓர் இடத்திலிருந்துதான் தேக்குத் தூண் வரிசையும் மேல் விதானமும் ஒரே படத்தில் வரும்.

தூண் வரிசையைப் பனோரமாவாக எடுப்பதாக இருந்தால் மேலே, கேமரா பொருத்தும் தலையில் இருக்கும் ரசமட்டத்தை நம்பாதீர்கள். கால்கள் சேரும் இடத்தில் இன்னொரு ரசமட்டக் குமிழ் இருக்கும், முதலில் அது நடுவுக்கு வரட்டும். மேலே மட்டும் சரிசெய்துவிட்டுத் திருப்பினால் நாலாவது படத்திலேயே தூண்கள் சரியத் தொடங்கிவிடும். தலை, பந்து போல எந்தப் பக்கமும் சாயும் பால் ஹெட்டாக இருந்தால், பெரிய திருகை இறுக்கிவிட்டு அடியிலிருக்கும் சின்னத் திருகை மட்டும் தளர்த்துங்கள், கேமரா மட்டம் மாறாமல் சுற்றும்.

படைப்புக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். ஆட்கள் வந்துவிட்டால் வளவில் கால் விரிக்க இடம் கிடைக்காது. முற்றத்தில் வெயில் இறங்குவதற்குள் தூண்களை முடித்துவிடுங்கள். அதற்குமேல் முற்றம் வெளிறி, தூண்கள் கருத்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்