ஆகஸ்ட் விடுமுறையில் குளக்கரை ஊர்கள்: கல்முனையிலிருந்து எந்தப் பக்கம் போவது?

கேள்வி: கல்முனையிலிருந்து வேனில் ஒன்பது பேர், மூன்று நாள் பயணம். வயதான அம்மா, அப்பாவும் இரண்டு சிறு பிள்ளைகளும் வருகிறார்கள். கடல் வேண்டாம், அது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. குளம், வாவி இருக்கும் ஊர்களாகப் பார்க்க ஆசை. சேனாநாயக்க சமுத்திரமும் நுவரெலியா கிறகறி வாவியும் போய் வரலாமா?

பதில்: ஆகஸ்டில் அந்த இரண்டுமே வேண்டாம். குளம் பார்க்கப் போகிறவர்கள் தூரத்தைக் கணக்குப் பார்ப்பதற்கு முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் குளங்கள் மார்கழி, தை மழையில் நிரம்பி, சிறுபோகத்துக்கு நீர் திறந்துவிடப்பட்டு, ஆகஸ்ட், செப்டெம்பரில் அடிமட்டத்துக்கு இறங்கும். சேனாநாயக்க சமுத்திரத்தில், இங்கினியாகலையில் படகேறி, தீவு விட்டுத் தீவுக்கு நீந்தும் யானைகளைப் பார்க்க மார்ச் முதல் ஜூலை வரைதான் நல்ல காலம். ஆகஸ்டில் கரை வெகுதூரம் உள்ளே போயிருக்கும்; கச்சான் எனும் தென்மேல் காற்று வேறு பிற்பகலில் அலையை எழுப்பும். பிள்ளைகளோடு படகில் போக அது தோதான நேரமல்ல. அம்பாறையிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ.தானே, அடுத்த பங்குனியில் ஒரே நாளில் போய் வரலாம். நுவரெலியாவில் ஆகஸ்ட் தென்மேல் பருவமழைக் காலம். 1873இல் கிறகறி ஆளுநர் கட்டுவித்த அந்த வாவியைப் பாதி நேரம் மூடுபனிதான் மூடியிருக்கும். போக ஒரு பகல், வர ஒரு பகல் என்று மூன்றில் இரண்டு நாள் மலைப்பாதை வளைவிலேயே போய்விடும்.

நீர் வற்றுவதே காட்சியாகிற இடம் வடமேற்கே இருக்கிறது. கல்முனை, மட்டக்களப்பு, பொலன்னறுவை, மின்னேரியா, கந்தளாய், திருகோணமலை, வாகரை வழியாகத் திரும்ப மட்டக்களப்பு என்று ஒரு வட்டம் அடியுங்கள். போன வழியே திரும்ப வேண்டியதில்லை, மலையேற்றமும் இல்லை.

முதல் நாள் விடிய 5.30க்கு வெளிக்கிடுங்கள். மட்டக்களப்பு வாவி 56 கி.மீ. நீளம், அதன் தென்முனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் எழுவான்கரை, அதாவது வாவியின் கிழக்குக் கரை, வீதியில் போனால் வீடும் மதிலும்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. அதனால் மண்முனைப் பாலத்தால் மேற்குக் கரையான படுவான்கரைக்குத் திரும்புங்கள். 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதை எனும் மிதவைப் படகில் ஏற்றித்தான் வாகனம் கடக்கும். காலை வெயில் ஏறுமுன் பாலத்தில் நின்றால் வாவியின் முழு அகலமும் தெரியும். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அதே வழியே திரும்பலாம்.

மட்டக்களப்பில் புளியந்தீவுக் கோட்டை போதும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து ஆண்டில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது. வாவிக்குள்ளிருந்து வரும் பாடும்மீன் ஓசையைக் கேட்க வேண்டுமென்றால் பயணத் திகதியை அதற்கேற்ப மாற்ற வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய இரவு, காற்று அடங்கியபின், கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய்த் துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். பாலத்தில் வாகன ஓட்டம் ஓயும்வரை எதுவும் கேட்காது. சிறு பிள்ளைகளோடு இதை விட்டுவிடலாம்.

11 மணிக்குள் மட்டக்களப்பை விட்டுவிடுங்கள். பொலன்னறுவை 100 கி.மீ. அளவுதான், ஆனால் புணாணை, வெலிகந்தைப் பக்கம் பொழுது பட்டால் யானை வீதிக்கு வரும். இரவில் சூடான தாரில் படுத்திருக்கும் மாடுகள் அதைவிடப் பெரிய தொல்லை. சாப்பாட்டைப் பொலன்னறுவைக்குப் பக்கத்து நகரான கதுருவெலயில் முடிப்பது நல்லது. முஸ்லிம் கடைகள் நிறைய உண்டு. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு போவது பாதுகாப்பு.

பராக்கிரம சமுத்திரத்துக்கு அம்பன் கங்கையிலிருந்து நீர் வருவதால் மற்றக் குளங்கள் வற்றும்போதும் இதில் தண்ணீர் நிற்கும். ஏறக்குறைய 14 கி.மீ. நீளக் கட்டு. குளம் நகரத்துக்கு மேற்கே கிடப்பதால் சூரியன் தண்ணீருக்குள்தான் இறங்கும். 5 மணிக்குக் கட்டில் இருங்கள். துருசுக்கு (மதகுக்கு) பக்கத்தில் யாரையும் குளிக்க விடவேண்டாம், உள்ளிழுப்பு மேலே தெரியாது. முதலையும் உண்டு.

இரண்டாம் நாள் காலை 7.30க்கே பழைய நகருக்குள் போய்விடுங்கள். புனித இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும். 10 மணிக்கு மேல் கருங்கல் தளம் காலைச் சுடும், அம்மா, அப்பாவுக்கு மொத்தமான காலுறை எடுத்துப் போங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். வட்டதாகே, கல்விகாரை, சோழர் காலத்து இரண்டாம் சிவாலயம் மூன்றும் போதும். கடைசியாகச் சொன்னதுதான் வானவன்மாதேவி ஈச்சரம். முழுக்கக் கல்லால் எழும்பியது, சுவரில் தமிழ்க் கல்வெட்டு உண்டு, ஆனாலும் நம்மவர்கள் பலர் வேனை நிறுத்தாமல் தாண்டிப் போகிறார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவினர் கூட வந்தால் அவர்களுக்குக் கட்டணம் டொலர் கணக்கில், முதலே சொல்லி வையுங்கள்.

பிற்பகல் மின்னேரியா. மகாசேன் மன்னன் கட்டிய குளம். நீர் வற்ற வற்ற அடிநிலத்தில் இளம்புல் முளைக்கும், சுற்றுக்காட்டு யானையெல்லாம் அதைத் தேடி இறங்கும். ஆகஸ்ட், செப்டெம்பரில் ஒரே மாலையில் 100, 200 யானைகளைக்கூடக் காணலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மொறகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்துவிட்டால் மின்னேரியா வற்றாது, புல் நீருக்கடியில் கிடக்கும், யானைகள் பக்கத்துப் பூங்காக்களான கவுடுல்லைக்கோ ஹுருலுப் பக்கமோ போய்விடும். ஆகவே சீட்டு எடுக்குமுன் "நேற்று மாலை யானை எந்தப் பூங்காவில் நின்றது?" என்று இரண்டு, மூன்று ஜீப் சாரதிகளிடம் தனித்தனியே கேளுங்கள். பதில் ஒத்துப்போனால் அங்கே போங்கள்.

உங்கள் வேன் பூங்காப் பாதைக்குச் சரிவராது, ஜீப்தான். ஒன்பது பேருக்கு இரண்டு ஜீப் பிடியுங்கள். ஒன்றில் அடைந்தால் நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லும் விலை ஜீப் வாடகைக்கு மட்டுமா, பூங்காச் சீட்டும் வரியும் சேர்த்தா என்று முதலே தெளிவாக்குங்கள், வாசலில் தொடங்கும் சண்டைகள் பெரும்பாலும் இதனால்தான். அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். 2.30க்கு உள்ளே போனால் 6 மணிவரை நேரம் கிடைக்கும். முதுகுவலி உள்ளவர்களை முன் ஆசனத்தில் இருத்துங்கள். இரவு ஹபரணையில் தங்கலாம். கிரித்தலையில் குளத்தைப் பார்த்தபடி விடுதிகள் உண்டு, ஆனால் அதற்கு இருட்டில் யானை வீதியால் திரும்பி ஓட வேண்டும்.

மூன்றாம் நாள் 7 மணிக்குமுன் வெளிக்கிட வேண்டாம், ஹபரணை–கந்தளாய் வீதியும் யானைத்தடம்தான். கந்தளாய்க் குளக்கட்டில் அரை மணி நேரம் போதும். 1986 ஏப்ரல் 20இல் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன கட்டு இது. வழியில் எருமைத்தயிர் வாங்கினால் சட்டியை ஆசனத்தில் வைக்காதீர்கள், தட்டையான பெட்டியில் துணி சுற்றி இறக்கி வையுங்கள்.

திருகோணமலையில் மதியச் சாப்பாடு முடித்து, டாங்கியை நிரப்பிக்கொண்டு 1.30க்குப் புறப்படுங்கள். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழி வீதி நல்லது, ஆனால் மூதூரைத் தாண்டினால் கடையும் எரிபொருளும் குறைவு. பிள்ளைகளுக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும். மட்டக்களப்பு 130 கி.மீ. அளவு, 5 மணிக்கு அங்கே வந்தால் ஏழுக்குள் வீடு சேரலாம்.

ஒரு தடை வரக்கூடும். உங்கள் திகதி ஆடி அமாவாசையில் விழுந்தால் அன்று மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழா, மட்டக்களப்பு நகரைக் கடக்கவே நேரம் பிடிக்கும். போயா (பௌர்ணமி) நாளென்றால் பொலன்னறுவையில் யாத்திரீகர் கூட்டம், அறையை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.