தரையில் சொட்டே இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: எங்கே போகிறது?

பழைய டீசல் பிக்கப்பில் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வாரம் அரை லிட்டர் குறைகிறது, தரையில் ஈரமே இல்லை என்கிறீர்கள். முதலில் கூலன்ட்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப்பைப் பாருங்கள். அதன் தண்டுக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகத்தான் கசியும். சூட்டில் கீழே சொட்டுமுன்னே காய்ந்து, உப்புப் பூத்தது போல் வெள்ளையாகவோ பச்சையாகவோ தடம் மட்டும் நிற்கும். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் இருந்தால் பிடித்துவிடலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு பம்ப்பின் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப்பை மாற்றியே ஆக வேண்டும்.

அங்கே சுத்தமாக இருந்தால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பிரஷர் டெஸ்டர் (அழுத்தம் ஏற்றி, முள்ளில் அளவு காட்டும் கைப் பம்ப்) மாட்டி, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 1 பார் (bar) அழுத்தத்தை ஒட்டியிருக்கும். கால் மணி நேரத்தில் முள் இறங்கினால் கசிவு உறுதி. அப்போதே ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். மூடியின் ரப்பரையும் விடாதீர்கள்.

வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் இறங்கினால் ஹெட் கேஸ்கெட்மேல் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகம் வரும். சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் ஓயாத குமிழி, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங்கும் சேர்ந்து போய்விடும்.