புதுமைப் பெண் தொகை: ஒப்புதல் ஆகியும் பாஸ்புக்கில் ஏறவில்லை

கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத் தொகை ஒப்புதலாகியும் பாஸ்புக்கில் ஏறவில்லையென்றால், பணம் பெரும்பாலும் அவருடைய வேறொரு கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து மாதாமாதம் வரும் இந்த 1000 ரூபாய் அனுப்பப்படுவதில்லை. ஆதார் எண்ணோடு எந்த வங்கி ‘சீடிங்’ ஆகியிருக்கிறதோ, அதாவது அரசுப் பணம் பெறும் வங்கியாகப் பதிவாகியிருக்கிறதோ, அங்கேதான் போகும்.

ஒருவருக்கு நான்கு கணக்குகளில் ஆதார் கொடுத்திருக்கலாம். ஆனால் அரசுப் பணம் வாங்க ஒன்றுக்குத்தான் இடம். கடைசியாக எதை சீடிங் செய்தார்களோ அதுதான் நிற்கும். பள்ளியில் தொடங்கிய கணக்கு ஒன்று இருக்க, பிறகு சிம் கடையில் கைரேகை வைத்துத் தொடங்கிய கணக்கு அந்த இடத்தைப் பிடித்துவிடும். மகளுக்கே அது நினைவிருக்காது.

ஆதார் ஆணையத்தின் மைஆதார் (myAadhaar) தளத்தில் மகளின் ஆதார் எண், ஓடிபி கொடுத்து நுழைந்து ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். வங்கியின் பெயரும், ஆக்டிவா இல்லையா என்பதும் வரும். கணக்கு எண் வராது. ஒரே வங்கியில் இரண்டு கணக்கு இருந்தால் கிளையில்தான் கேட்க வேண்டும்.

வேறு வங்கி காட்டினால் முதலில் அங்கே இருப்பைப் பாருங்கள், பழைய மாதங்களின் பணம் அதில் கிடக்கலாம். பிறகு உங்கள் கிளையில் “மானியம் வாங்க ஆதார் சீடிங் செய்ய வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லிப் படிவம் கொடுங்கள். “ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது” என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள், அது கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பதை மட்டும் சொல்லும்; அரசுப் பணம் அங்கே வரச் செய்யும் சீடிங் வேறு.

சரியான வங்கியே ஆக்டிவ் என்று காட்டினால், சிக்கல் சீடிங்கில் இல்லை. கணக்கு முடங்கியிருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள்; அதுவும் இல்லையென்றால் கல்லூரியில் இத்திட்டத்தைக் கவனிக்கும் அலுவலரிடம் போங்கள்.