குளிர்காலம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஆமை சாப்பிடாமல் மூலையைத் தோண்டிக்கொண்டே இருக்கிறது. அதன் தொட்டியை எப்படிச் சூடாக வைப்பது?

நீங்கள் கேள்வியில் தந்திருக்கும் விவரங்களை வைத்துச் சொல்கிறேன். பர்மிங்காமில் பிளாட். மத்திய ஆசியாவைச் சேர்ந்த ஹார்ஸ்ஃபீல்ட் என்ற தரை ஆமை. நான்கடிக் கண்ணாடித் தொட்டி, அடியில் ஹீட் மேட் எனும் மின்சாரச் சூட்டு விரிப்பு, மேலே சாதாரண எல்இடி விளக்கு. அக்டோபர் கடைசியிலிருந்து சாப்பாடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பகலெல்லாம் ஒரே மூலையைத் தோண்டுகிறது, கண்ணாடியில் போய் முட்டுகிறது. "ஹால் ஹீட்டிங் 21 டிகிரியில் ஓடுகிறது, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்கிறீர்கள்.

அந்த 21 டிகிரியில்தான் சிக்கல். நமக்கு அது சுகமான அறை. ஆமைக்கோ, முழுசாக விழித்திருக்கவும் முடியாத, முழுசாகத் தூங்கவும் முடியாத ஒரு நடுவாந்தர நிலை. அதன் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது, வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். குடல் ஒழுங்காக வேலை செய்யவும் நோயை எதிர்க்கவும் உடல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி வர வேண்டும். 20, 21-இல் ஆமை நடமாடும், கண்ணைத் திறந்து பார்க்கும், ஒரு இலையைக் கடித்தும் பார்க்கும். ஆனால் உள்ளே போனது செரிக்காது, வெளியே வைத்த மாவு போல வயிற்றிலேயே கிடந்து புளிக்கும். அதனால் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. இப்போதைக்கு அது அடம் பிடிப்பதாக நினைக்க வேண்டாம், வேறு இலை வேறு காய் என்று மாற்றி மாற்றி வைக்கவும் வேண்டாம்.

இந்த இனத்துக்குப் பசி சும்மா போகாது. 1968 செப்டம்பரில் சோவியத் விண்கலம் ஸோண்ட் 5 நிலவைச் சுற்றிவந்தபோது உள்ளே இருந்தவை இதே இனத்து ஆமைகள் இரண்டு. இந்தியப் பெருங்கடலில் வந்து விழுந்தபோது எடை சுமார் 10 சதவீதம் குறைந்திருந்ததே தவிர, பசி குறையவில்லை. அப்பேர்ப்பட்ட வம்சம் உங்கள் ஹாலில் சாப்பிட மறுக்கிறது என்றால் முதலில் தெர்மாமீட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி தோண்டுவதைப் பற்றி. ஹார்ஸ்ஃபீல்டின் சொந்த ஊர் கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட புல்வெளி. அங்கே கோடையில் வெயில் கொளுத்தும், குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும். வசந்தத்தில் கிடைக்கிற சில மாதங்களில் கண்டதையும் மேய்ந்துவிட்டு, மீதி நாளெல்லாம் மண்ணுக்கடியில் வளையில் கிடக்கும். வெயில் தாங்கவில்லையா, மண்ணுக்குள். குளிர் தாங்கவில்லையா, அப்போதும் மண்ணுக்குள். பயம் வந்தாலும் அதுவே. எந்தப் பிரச்சினைக்கும் அதற்குத் தெரிந்த ஒரே வழி கீழே போவது.

இப்போது உங்கள் தொட்டியைப் பாருங்கள். சூடு அடியிலிருந்து வருகிறது, மேலே ஒன்றுமில்லை. காட்டில் நேர் எதிர்: சூடு வானத்திலிருந்து வரும், கீழே போகப் போகக் குளிரும். உங்கள் ஆமை ஒதுங்க இடம் தேடித் தோண்டுகிறது; தோண்டினால் அடியில் ஹீட் மேட். சரியில்லை என்று மேலே வருகிறது. அங்கே முதுகில் படச் சூடே இல்லை. திரும்பவும் தோண்டுகிறது. பகலெல்லாம் இதுதான் நடக்கிறது என்பது என் கணிப்பு. அந்த மேட்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஆமையின் அடிவயிற்று ஓடு மெல்லத்தான் சூட்டை உணரும், மண்ணுக்குள் புதைந்து அதன்மேல் படுத்தால் வெந்துபோகவும் கூடும்.

ஒரு விஷயம் கவனித்துச் சொல்லுங்கள்: முன்காலால் தோண்டுகிறதா, பின்காலால் தோண்டுகிறதா? முன்கால் என்றால் மேலே சொன்ன ஒதுங்கிட வேட்டை. பின்காலால் ஒரே இடத்தில் குழி பறித்து, விட்டுவிட்டு இன்னொரு இடத்தில் பறித்தால், பெண்ணாமை முட்டையிட இடம் தேடுகிறது. ஆண் துணையே இல்லாமலும் கருவில்லாத முட்டை இடும். அப்படியானால் சூடான பக்கத்தில் ஆழமாக ஈரமண் போட்டுக் கொடுங்கள். நாட்கணக்கில் பறித்தும் முட்டை வரவில்லை, ஆமையும் சோர்ந்துபோகிறது என்றால் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கத்தான் வேண்டும்.

கண்ணாடியில் முட்டுவது தனிக் கதை. கண்ணாடி என்று ஒன்று இருப்பதே ஆமைக்குப் புரியாது. அந்தப் பக்கம் இடம் தெரிகிறது, போக முடியவில்லை. நாள் பூராவும் முயற்சி செய்யும். சில சமயம் தன் பிம்பத்தையே எதிராளி என்று நினைத்து இடிக்கும். வெளிப்பக்கம் நான்கு புறமும் ஆமையின் உயரத்துக்குக் கொஞ்சம் மேல்வரை பழுப்புத்தாளை ஒட்டிப் பாருங்கள், முட்டல் நன்றாகவே குறையும். முடிந்தால் தொட்டியையே விட்டுவிட்டு, மேலே திறந்த அகலமான மரப்பெட்டிக்கு மாற்றுங்கள். இங்கே டார்ட்டாய்ஸ் டேபிள் என்று விற்பது அதுதான். பழைய புத்தக அலமாரியை மல்லாக்கக் கிடத்தித் தட்டுகளை எடுத்துவிட்டாலும் அதே வேலை நடக்கும், எங்கள் வீட்டில் இருப்பது அப்படிப்பட்டதே.

எங்கள் ஆமை பெயர் சுப்பு. ஆண். செருப்பைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு வந்து ஓட்டால் மோதுவான். இது கோபமும் காதலும் கலந்த ஆண் குணம், நோய் இல்லை. தூக்கினால் 'உஸ்' என்பதும் பாம்புச் சீற்றம் இல்லை. தலையை வெடுக்கென்று உள்ளே இழுக்கும்போது நுரையீரலில் இருக்கும் காற்று வெளியே போகிற சத்தம் அது. மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தபோது விளக்குக்கடியில் நாலு காலையும் பரப்பி, கழுத்தை முழுசாக நீட்டி, கண்ணை மூடிக் கிடந்தவனைப் பார்த்துவிட்டு, "டேய், இது போயிடுச்சுடா" என்று கத்தினார். வெயில் காய்கிற ஆமை அப்படித்தான் கிடக்கும். சொல்லப்போனால் உங்கள் ஆமை அப்படி ஒருநாள் கிடந்தால் உங்கள் ஏற்பாடு சரியாகிவிட்டது என்று அர்த்தம். சிறுநீரோடு வெள்ளையாகக் குழம்பு மாதிரி வருவதும் இயல்பானதே. அது மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் மட்டும் உடம்பில் தண்ணீர் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சூட்டுக்கு வருவோம். கூண்டை முழுக்க ஒரே சீராகச் சூடாக்கப் பார்க்காதீர்கள். ஆமைக்கு வேண்டியது தேர்ந்தெடுக்கும் வசதி. ஒரு கோடியில் 32 முதல் 35 டிகிரி, மறுகோடியில் 20, 22. எவ்வளவு சூடு எப்போது வேண்டும் என்பதை நடந்து நடந்து அதுவே முடிவு செய்துகொள்ளும். உங்கள் ஹாலின் 21 டிகிரி குளிர்கோடிக்குக் கச்சிதம், அதை மாற்ற வேண்டாம். இல்லாதது சூடான கோடி மட்டுமே.

அதற்கு ஒரு பாஸ்கிங் விளக்கு, அதாவது ஆமை வெயில் காய்வதற்கான சூட்டு விளக்கு வாங்குங்கள், ஒளி பரவலாக விழுகிற வகை. ஊசி மாதிரி ஒரு புள்ளியில் விழும் ஸ்பாட் விளக்கு ஓட்டின் உச்சியை மட்டும் தீய்த்துவிட்டு கால்களைக் குளிர விட்டுவிடும். எத்தனை வாட் என்பது பெட்டியின் உயரத்தைப் பொறுத்தது. 75 அல்லது 100 வாட்டில் தொடங்கி, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, அளந்து பார்த்து இறக்குங்கள், ஏற்றுங்கள். அளவு எடுக்க வேண்டிய இடம் ஆமையின் முதுகு வரும் உயரம். சுவரில் ஒட்டும் முள் தெர்மாமீட்டர் அந்தச் சுவரின் வெப்பத்தைத்தான் சொல்லும், அதை நம்பாதீர்கள். வயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் ஒன்று போதும். விளக்குக்கு நேர்கீழே தட்டையான ஸ்லேட் கல் ஒன்றை வையுங்கள். விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும், நகமும் தேயும். டைமர் போட்டு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். 75 வாட் விளக்கு 13 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டுக்குள்தான் வரும், மொத்த பிளாட்டையும் சூடாக்குவதைவிட இது எவ்வளவோ மலிவு.

கூடவே யுவிபி டியூப் கட்டாயம்; வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிரில் ஒரு வகைதான் யுவிபி. எல்இடியில் அது கிடைக்காது. யுவிபி இல்லாவிட்டால் தோலில் வைட்டமின் டி3 உண்டாகாது, தின்கிற கால்சியம் எலும்பில் சேராது, ஓடு வளைந்து மெத்தென்று ஆகிவிடும். டி5 எனும் மெல்லிய குழல்விளக்கு, யுவிபி அளவு 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டது, பாஸ்கிங் விளக்கை ஒட்டியே பொருத்துங்கள். அப்போதுதான் சூடும் யுவிபியும் ஒரே இடத்தில் விழும். வெளிச்சம் நன்றாகவே வந்தாலும் யுவிபி மங்கிக்கொண்டே போகும், அதனால் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஜன்னலோரம் வைத்து வெயில் காட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள்: ஜன்னல் கண்ணாடி யுவிபியை உள்ளே விடாது, கோடையில் அதே ஜன்னலோரத்துக் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும்.

இரவில் அறை 15 டிகிரிக்குக் கீழே போகாதென்றால் எந்தச் சூடும் வேண்டாம். அதன் ஊரிலும் இரவு குளிரத்தான் செய்யும். கீழே போகுமென்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள், பீங்கான் ஹோல்டரில். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். "இரவு விளக்கு" என்று சிவப்பு நிறத்தில் விற்பதை வாங்கவே வேண்டாம். ஆமைக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும், தூக்கம் கெடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசை உயரத்துக்கு ஏற்றுங்கள். கதவிடுக்கில் வரும் குளிர்காற்று தரையோடுதான் ஓடும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெர்மோகோல் பலகை வைக்கலாம், ஆனால் வெளியே. உள்ளே வைத்தால் தின்றுவிடும்.

விளக்கைக் கிளிப்பில் மட்டும் நம்பித் தொங்கவிடாமல் சங்கிலியும் போட்டுவிடுங்கள். கிளிப் நழுவிக் காய்ந்த வைக்கோலில் விழுந்தால் ஆமையோடு வீடும் போய்விடும். விளக்குக்குக் கீழே வைக்கோலே வேண்டாம்.

மண்: உரம் கலக்காத தோட்டமண்ணும் விளையாட்டு மணலும், மண் கொஞ்சம் தூக்கலாக. ஒரு சாண் ஆழமாவது இருக்கட்டும், முழுசாகப் புதைய வேண்டும். மேலே காய்ந்தும் அடியில் லேசாக ஈரமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டிங் ஓடும் வீட்டில் காற்று ரொம்ப வறண்டிருக்கும், ஈரமண்ணில் புதைந்துதான் அது தன் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளும்.

இதெல்லாம் தயாரானதும் தினமும் காலையில் விளக்கின் சூடு ஏறிய பிறகு, தாடை மூழ்காத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்காரவையுங்கள். குடிக்கும், மலம் கழிக்கும், பசி வரும். பிறகு டேண்டலியன் இலை, குளோவர் மாதிரிக் களைச்செடிகள். பக்கத்தில் கணவாய் ஓடு ஒன்று கிடக்கட்டும். கல்லைத் தின்னப் பார்க்கும் ஆமைக்குப் பெரும்பாலும் கால்சியம்தான் குறைவாக இருக்கும். பழமும் பசலையும் வேண்டாம்.

"பேசாமல் தூங்கவிட்டால் என்ன?" என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் வேண்டாம். குளிர் உறக்கத்துக்குப் போகிற ஆமை நல்ல எடையோடு, குடல் காலியாக, நோயில்லாமல் போக வேண்டும். இங்கே பலரும் தனி ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் வைத்துத் தூங்கவைக்கிறார்கள், முறையாகச் செய்தால் நல்ல வழிதான். ஆனால் வாரக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்த ஆமையை அதில் வைப்பது ஆபத்து. குளிரான அறையின் ஓரத்தில் விட்டுவிடுவது அதைவிட மோசம். 10 டிகிரிக்கு மேல் போனால் தூக்கமும் இல்லாமல் சேமிப்பெல்லாம் கரையும், உறைநிலைக்குக் கீழே போனால் கண்ணே போய்விடும். இணையத்தில் எடைக்கும் நீளத்துக்கும் ஜாக்சன் அட்டவணை என்று ஒன்று சுற்றுகிறது, அதையும் பார்க்காதீர்கள். ஹெர்மன் ஆமைக்கும் ஸ்பர் தை ஆமைக்கும் போட்டது அது, ஹார்ஸ்ஃபீல்டின் வட்ட உடம்புக்குப் பொருந்தாது.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கு இரண்டு வரி. மேலே சொன்ன எதையும் நட்சத்திர ஆமைக்குச் செய்து பார்க்க வேண்டாம். அது நம் பக்கத்து வெப்பநிலப் பிராணி, குளிர் உறக்கமே கிடையாது. தவிர, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்; 2019-இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தமும் அதன் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்யும் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. யாராவது "ராசி" என்று கொண்டுவந்து தந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள்: மூக்கில் குமிழி, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சுவிடுவது, வீங்கி மூடிய கண். ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. நுரையீரலில் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். இதில் ஒன்று தெரிந்தாலும் வெப்பம் சரியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போன் செய்யும்போதே ஊர்வன பார்க்கிற மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், நாய் பூனை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், இன்று சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு விளக்கை மாட்டுங்கள். இரண்டு வாரம் சூடு சரியாக இருந்தும் சாப்பிடவில்லை, அல்லது எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் மலத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்ப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதற்குள் சந்தேகம் வந்தால் கீழே எழுதுங்கள்; எடை, சூடான கோடியின் டிகிரி, குளிர்கோடியின் டிகிரி மூன்றையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல எனக்கும் சுலபம்.