டிரம்மைக் கவிழ்த்தாலும் முட்டை போகாது

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். மூன்று வருடமாக ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் யாருக்காவது டெங்கு. சாக்கடையைத் தூர் வாரினார்கள், புகையும் அடித்தார்கள். அப்புறமும் எங்கிருந்து வருகிறது? போன வருடம் என் மகனுக்கு வந்தது. மறுபடி வருமா டாக்டர்?

பதில்: சாக்கடையில் வளர்வது பெரும்பாலும் ராத்திரி கடிக்கும் வேறு கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். முட்டையிட அதற்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். நம் ஊரில் தண்ணீர் விடும் நாளில் டிரம், தொட்டி, குடம் எல்லாவற்றையும் நிரப்பி வைக்காமல் எப்படிக் குடும்பம் நடத்துவது? கொசுவுக்கும் அதுவே வசதி.

டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் கசகசாவைவிடச் சிறிய கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை முட்டைகள். தண்ணீரைக் கொட்டினாலும் அவை ஒட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழையில் நனைந்ததும் பொரித்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். தாய்க் கொசுவிடமிருந்து வைரஸ் முட்டைக்குப் போவதும் உண்டு. அதனால் வாரம் ஒருநாள் டிரம்மைக் காலி செய்து, தேங்காய் நார் போட்டு உள்பக்கத்தை அழுத்தித் தேயுங்கள். வாயைப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். ஊருக்கு உபதேசம் செய்கிற என் வீட்டுக் கொல்லையிலேயே, சும்மா கிடந்த ஆட்டுக்கல் குழியில் புழு நெளிந்தது!

புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும்; முட்டையையும் புழுவையும் தொடாது. கட்டிலுக்கடியிலும் கொடித் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் தப்பிவிடும்.

இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் போவது அபூர்வம். தெரு விட்டுத் தெரு வைரஸைக் கொண்டு போவது நாம்தான். காய்ச்சல்காரரைக் கடித்த கொசுவுக்குள் வைரஸ் பெருக எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அப்புறம் அது சாகும்வரை பரப்பும். கை அசைந்தாலே எழுந்து அடுத்தவரிடம் போய்விடுவதால் ஒரே வீட்டில் மூன்று பேர் படுத்துவிடுகிறார்கள். காய்ச்சலே வராமல் வைரஸைச் சுமப்பவர்களும் நிறைய. இது நம் ஊருக்குப் புதிதுமல்ல. 1960-களிலேயே வேலூர் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் மகன். டெங்குவில் நான்கு வகை. வந்த வகை திரும்ப வராது, மற்றவை வரலாம். இரண்டாவது முறை கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். காய்ச்சல் வந்தால் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின், இபுபுரூஃபென் கூடாது. மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல், இதில் ஒன்று தெரிந்தாலும் பப்பாளி இலைச் சாறு அரைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போனதும் முதல் வேலையாக, போன வருடம் டெங்கு வந்ததைச் சொல்லிவிடுங்கள்.