கை நீட்டினாலே சுருண்டுகொள்ளும் ராயல் பைத்தானை எப்படிப் பழக்குவது?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பு வகையில் ஒரு குட்டி (‘பால்’ பைத்தான், அதாவது ball python என்றும் சொல்கிறார்கள்) வாங்கினேன். பழகட்டும் என்று தினமும் கையில் எடுக்கிறேன். ஆனால் பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்கிறது. நேற்று சீறிக் கொத்தியும் விட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் இரண்டு வாரம் அதைத் தொடவே வேண்டாம். தினமும் எடுப்பதுதான் இங்கே சிக்கல். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கிக் கிடந்து, இருட்டியபின் வெளியே வரும் பாம்பு இது. ஆபத்து என்று பட்டால் சுருண்டுகொள்ளும். அப்படியும் விடாமல் தொந்தரவு செய்தால் கொத்தும். உங்கள் குட்டியும் பயந்துதான் கொத்தியிருக்கிறது.

இந்த இரண்டு வாரத்தில் கூண்டைச் சரிபாருங்கள். பதற்றமான பைத்தான் என்றதும் நான் முதலில் சந்தேகப்படுவது கூண்டைத்தான். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல். ஹீட்டருக்கு, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். பதுங்கிடம் இரு பக்கமும் வேண்டும். அதுவும் உடல் சுவரில் உரசும் அளவுக்கு நெருக்கமாக. ஒரு பக்கம் மட்டும் வைத்தால், ஒளிந்துகொள்வதற்காகத் தனக்குத் தேவையான சூட்டையோ குளிர்ச்சியையோ பாம்பு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு மூன்று முறை மறுக்காமல் இரை எடுத்த பிறகு கையில் எடுக்கத் தொடங்கலாம். இரை விழுங்கி 48 மணி நேரம் ஆகும்வரை எடுக்காதீர்கள், கக்கிவிடும். கண்ணில் பால் படர்ந்ததுபோல் இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது பார்வை மங்கியிருக்கும், தொடாதீர்கள்.

எடுப்பதற்கு முன் கையைக் கழுவுங்கள். உதட்டோரத்தில் உள்ள குழிகளால் இந்தப் பாம்பு வெப்பத்தை உணரும். சூடான கையில் எலி வாடையும் அடித்தால் இரை என்றே பாயும். கையை மேலிருந்து இறக்கவும் கூடாது; பாம்புக்கு அந்தக் கை மேலிருந்து பாயும் எதிரிதான். பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுபோங்கள். ஒரு காகித உருளையால் உடலை லேசாகத் தொட்டு, இது இரை நேரமில்லை என்று உணர்த்திவிட்டு, நடு உடலுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்குங்கள். தலையைப் பிடிக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்துகொண்டு இரு கைகளாலும் தாங்கி, அதன் போக்கில் ஊர விடுங்கள். வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் போதும்.

நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி ஊர்ந்தால் நல்ல அறிகுறி. கழுத்தை எஸ் போல வளைத்து உங்களையே பார்த்தால் அசையாதீர்கள். அது தளர்ந்த பிறகு மெல்லக் கூண்டில் விடுங்கள். நாய், பூனையிடம் கிடைக்கும் பாசத்தை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் கையால் ஆபத்தில்லை என்று அது பழகிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம்.

மறுபடி கடித்தால்? விஷமில்லாத பாம்பு, பயப்படாதீர்கள். பயந்து கொத்தினால் உடனே விட்டுவிடும். கவ்விச் சுற்றிக்கொண்டால் இரை என்று நினைத்துவிட்டது. அப்போது இழுக்கவே கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். வாயருகே குளிர்ந்த தண்ணீர் விட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். காயத்தை சோப்பு போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஊர்வனவற்றிடமிருந்து சால்மோனெல்லா கிருமி தொற்றக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கை கழுவுவது அவசியம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் பதற்றம் குறையாவிட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, பழக்குவதை நிறுத்திவிட்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.